சோலார் துடைக்க மாடி ஏறுகிறீர்களா?

ஆடித் தபசு முடிந்து கூட்டம் கலைந்தாலும், சங்கரன்கோவிலில் காற்று மட்டும் ஓய்வதில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கி வரும் ஆடிக்காற்று, புழுதியை அள்ளி வந்து வீடு வீடாகக் கொட்டிவிட்டுப் போகிறது. முன்பெல்லாம் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தால் வேலை முடிந்தது. இப்போது மொட்டை மாடியில் இன்னொரு கண்ணாடியும் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதுதான் சோலார் பேனல்.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மத்திய அரசின் மானியம் உண்டு. மானியம் வாங்கி பேனல் போட்டாயிற்று. யார் துடைப்பது? பெரும்பாலும் வீட்டம்மாதான் வாளியும் துணியுமாக மாடி ஏறுகிறார். மறுநாள் பார்த்தால் பேனல் முழுக்க வெள்ளைப் புள்ளிகள்!

அது அழுக்கு இல்லை, உப்பு. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும், தண்ணீர் காய்ந்ததும் கண்ணாடியிலேயே தங்கிவிடுகின்றன. வெந்நீர்ப் பானையின் அடியில் படிகிற அதே வெள்ளைதான். நாளடைவில் இது ஏடு போலப் படிந்து வெயிலை மறைக்கும்.

லண்டன் போன்ற குளிர் ஊர்களில் ஜன்னல் துடைப்பவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நீண்ட கம்பு, நுனியில் பிரஷ், கம்போடு ஒரு தண்ணீர்க் குழாய். தரையில் நின்றபடியே மூன்றாவது மாடி ஜன்னலைக் கழுவிவிடுகிறார்கள். ரகசியம் தண்ணீரில் இருக்கிறது. உப்பு முழுவதும் நீக்கிய, டி.டி.எஸ். ஏறக்குறைய பூஜ்யமான தண்ணீர் அது. துணியால் துடைப்பதில்லை. தானே காயும், சுவடும் இருக்காது. உறைபனிக் காலத்தில்தான் அவர்களுக்குப் பாடு. குழாய்க்குள் தண்ணீர் உறையும். வழிந்த தண்ணீர் நடைபாதையில் ஐஸாகி ஆளை வழுக்கிவிடும். அதற்காகக் கீழே உப்பு தூவுகிறார்கள். சில்லிட்ட கண்ணாடியில் கொதிநீரை மட்டும் ஊற்றமாட்டார்கள். சட்டென்று விரிவதால் விரிசல் விட்டுவிடும்.

சங்கரன்கோவிலில் இதுவே தலைகீழ். உச்சி வெயிலில் பேனல் கை வைக்க முடியாதபடி கொதிக்கும். அப்போது குளிர்ந்த தண்ணீரை அடித்தால் அதே விரிசல் ஆபத்து. தண்ணீர் நொடியில் ஆவியாகி உப்பையும் விட்டுப் போகும். விடியற்காலைதான் சரியான நேரம். பேனலும் குளிர்ந்திருக்கும், புழுதியும் எளிதில் கழன்று வரும்.

எந்தத் தண்ணீர்? பிடித்து வைத்த மழைத்தண்ணீர் முதல் தரம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரும் நல்லது. ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீர் கூடவே கூடாது, அதில் உப்பு அதிகம். இந்தியத் தரப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்புகள் வரை குடிநீரில் இருக்கலாம். ஆக, குடிக்க நல்ல தண்ணீர்கூடக் கண்ணாடியில் கறை விடலாம். போர் தண்ணீர்தான் கதி என்றால், காய்வதற்குள் ரப்பர் வைப்பரால் வழித்துவிட வேண்டும். சோப்புத் தூள், கம்பி நார் இரண்டும் வேண்டாம்.

இனிதான் முக்கியமான விஷயம். இன்வெர்ட்டரை அணைத்தாலும், வெளிச்சம் இருக்கும் வரை பேனலில் மின்சாரம் இருக்கும். கண்ணாடி உடைந்திருந்தாலோ ஒயர் தோல் உரிந்திருந்தாலோ தண்ணீர் ஊற்றாமல், பொருத்தியவரைக் கூப்பிடுவதே சரி. அலுமினியக் கம்பு மின்சாரத்தைக் கடத்தும், விலை கூடிய கார்பன் ஃபைபர் கம்பும் கடத்தும். மாடியை ஒட்டி மின்கம்பி போகிற வீட்டில் நீளக் கம்பை நிமிர்த்தவே கூடாது. பேனல் மீது கால் வைத்து ஏறுவதும், ஈரத் தரையில் ஏணி போடுவதும் அதே போலத்தான். உயரமான இரும்புச் சட்டத்தில் போட்டிருந்தால் கூலி கொடுத்து, பாதுகாப்பு பெல்ட்டோடு வேலை பார்ப்பவரிடம் விடலாம்.

வாராவாரம் துடைக்கவும் தேவையில்லை. மேகமில்லாத நாட்களின் யூனிட்டைக் குறித்து வைத்துப் பார்த்து, நன்றாகக் குறைந்தால் மட்டும் கழுவினால் போதும். ஐப்பசி பிறந்தால் அடைமழையே பாதி வேலையைச் செய்துவிடும். குறைந்த நாலு யூனிட்டை அடுத்த மழை மீட்டுத் தந்துவிடும். மாடியிலிருந்து விழுந்த இடுப்பை எந்த மானியமும் மீட்டுத் தராது.