அப்பாவின் அரைமணி நேரம்

வானொலிக்காரர்களுக்கு நொடிதான் சோறு போடுகிறது. பாட்டு முடிந்து மூன்று நொடி நான் வாய் திறக்காவிட்டால், கண்ணாடிக்கு அப்பால் தயாரிப்பாளர் பதறிவிடுவார். அப்படிப்பட்ட எனக்கே நேரத்தைப் பற்றிப் பாடம் எடுத்தவர் அப்பா.

அப்பா லாரி ஓட்டுநர். 1981 டிசம்பர் 31 இரவு, கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்குச் சரக்கு ஏற்றிப் போனவர், தாப்பாவில் தேநீர் குடிக்க நிறுத்தினாராம். மணி 11:30. அடுத்த நொடியே 12! சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று தீபகற்பத்தின் கடிகாரங்களை அன்றுதான் அரைமணி முன்னே தள்ளினார்கள். சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கொண்டது.

"லாரி ஒரு அடி நகரல. நேரம் மட்டும் ஓடிப்போச்சு. அந்த அரைமணிய யாருகிட்ட போய்க் கேக்குறது?" என்று இன்றும் சிரிப்பார்.

அப்போதெல்லாம் பழைய சாலையில் தஞ்சோங் மாலிம், ஈப்போ, தைப்பிங் என்று ஊர் ஊராகப் புகுந்துதான் போக வேண்டும். இரவு முழுவதையும் சாலை தின்றுவிடும். 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்தது. இப்போது காரிலோ ஈடிஎஸ் ரயிலிலோ ஏறினால் நாலு மணி நேரம், அவ்வளவுதான்.

இரவெல்லாம் ஓட்டிய அப்பா வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்தார். நாலு மணி நேரத்தில் போய்விடக்கூடிய நான் ஐந்து மாதமாகப் போகவில்லை. கேட்டால், "நேரமே இல்லப்பா." சாலை மிச்சம் பிடித்துத் தந்த நேரமெல்லாம் எங்கே போனது, நேயர்களே? மன்னிக்கவும், வாசகர்களே. பழக்க தோஷம்.

ஓடும் கடிகாரம் நிற்கும் கடிகாரத்தைவிட மெதுவாகத் துடிக்கும் என்று 1905-இல் ஐன்ஸ்டைன் சொன்னார். ரயில் வேகத்துக்கு அந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை. ஆனாலும் போன மாதம் வீட்டுக்குள் நுழைந்தபோது அதை நம்பத் தோன்றியது. ஓடிக்கொண்டே இருந்த எனக்கு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. முழங்கால் வலியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு ஐந்து வருடம் கூடியிருந்தது.

இதை ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா இப்போதுதான் அழைத்தார்.

"எங்கடா வந்திருக்க?"

"தாப்பா ரோடுப்பா."

"அங்க என் அரைமணி கெடந்தா எடுத்துட்டு வா."

திரும்பும் டிக்கெட்டை ஒரு ரயில் தள்ளிப் போட்டிருக்கிறேன்.