வீட்டுத் தோட்டம்: கறுத்த தக்காளி

சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள் காலை, எங்கள் தோட்டத்தில் பறித்த தக்காளிப் பழங்கள் நான்கை ஒரு தட்டில் வைத்து எதிர் வீட்டுப் பாட்டியம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மாள் எண்பது வயதைக் கடந்தவர். தட்டை வாங்கினார், பழங்களைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, அழுகின பழத்தை வீடு தேடிக் கொண்டுவந்து கொடுக்கிறாயே, நான் உனக்கு என்ன கெடுதல் செய்தேன்?" என்றார்.

பாட்டியம்மாளின் மீது குற்றம் சொல்வதற்கில்லை. அந்தப் பழத்தின் நிறம் அப்படிப்பட்டது. காம்பைச் சுற்றிக் கரும்பச்சை; கீழே வர வர, அடிபட்டுக் கன்றிய உடம்பைப் போல ஊதாவும் பழுப்பும் கலந்த ஒரு நிறம். நான் சற்றே யோசித்து, "மணத்தக்காளி பழுத்துவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள், பாட்டி?" என்று கேட்டேன்.

"கறுத்தால் பழுத்தது; இது தெரியாதா?"

"இதுவும் அப்படித்தான்."

"அது மிளகளவு இருக்கிறது. இது கைக்கு அடங்கவில்லையே!" என்று சொல்லிக்கொண்டே தட்டை உள்ளே எடுத்துப் போனார். மறுநாள் தட்டுத் திரும்பி வந்தது. அதில் கொஞ்சம் கறிவேப்பிலையும், "இன்னும் இரண்டு இருந்தால் கொடு" என்ற செய்தியும் இருந்தன.

அந்தப் பழத்தின் பெயர் செரோக்கி பர்ப்பிள். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் டென்னசி என்று ஒரு ராஜ்யம் இருக்கிறது. அங்குள்ள செவியர்வில் என்னும் ஊரிலிருந்து 1990-ஆம் ஆண்டில் ஒருவர் ஒரு கடிதத்தில் சில தக்காளி விதைகளை வைத்து அனுப்பினார். பெற்றுக்கொண்டவர் கிரெய்க் லெஹூலியர். தொழிலால் ரசாயன விஞ்ஞானி, ஆசையால் தக்காளித் தோட்டக்காரர். அந்த விதை அண்டை வீட்டு அம்மாள் ஒருவரிடமிருந்து கிடைத்ததென்றும், அவர்கள் குடும்பத்துக்குச் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் செரோக்கி இந்தியர்களிடமிருந்து வந்ததென்றும் கடிதத்தில் கண்டிருந்தது. லெஹூலியர் விதைத்துப் பார்த்தார். பழத்தின் நிறத்தைக் கண்டு வியந்து, அதற்கு இந்தப் பெயரைச் சூட்டி, விதை வியாபாரி ஒருவருக்கு அனுப்பினார். ருசி அபாரமென்று ஒப்புக்கொண்ட வியாபாரிக்கு நிறத்தைப் பற்றித்தான் கவலை. காயம் பட்டது போன்ற பழத்தை யார் வாங்குவார்கள் என்று தயங்கினார். எங்கள் பாட்டியம்மாளின் தயக்கமும் அதுவே அல்லவா? இருந்தாலும் தம் விலைப்பட்டியலில் சேர்த்துக்கொண்டார். இன்று உலகமெங்கும் வீட்டுத் தோட்டங்களில் அது வளர்கிறது.

செரோக்கி மக்களின் சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்கும்போதே மனம் கனக்கும். 1838, 1839-ஆம் ஆண்டுகளில் அவர்களைத் தங்கள் சொந்த மண்ணிலிருந்து சர்க்கார் படை கொண்டு வெளியேற்றி, மேற்கே பல நூறு மைல் நடத்திச் சென்றார்கள். வழியில் ஆயிரக்கணக்கானவர்கள் மடிந்தார்கள். அவ்வாறு நாடு இழந்த ஜனங்கள் தங்கள் விதைகளை மட்டும் அடியோடு இழந்துவிடவில்லை. நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்டு தீவில் மலையைக் குடைந்து அமைத்திருக்கும் உலக விதைக் களஞ்சியத்தில், 2020-ஆம் ஆண்டில், செரோக்கி தேசத்தார் தங்கள் பரம்பரை விதைகளில் ஒன்பது வகைகளைக் கொண்டுபோய் வைத்தார்கள்.

கறுத்த தக்காளி இது ஒன்றுதான் என்று எண்ண வேண்டாம். கருங்கடலின் கரையிலுள்ள கிரிமியாவின் பெயரைத் தாங்கிய 'பிளாக் கிரிம்' இருக்கிறது. ரஷ்ய தேசத்தில் தோன்றிய மற்றொரு கறுத்த தக்காளிக்கு, நீக்ரோ மக்களின் உரிமைக்காகக் குரல் கொடுத்த சங்கீத வித்துவானும் நடிகருமான பால் ரோப்ஸனின் (1898-1976) பெயரை வைத்திருக்கிறார்கள். ஒரு தக்காளிச் செடி ஒரு மனிதருக்கு ஞாபகச் சின்னமாக நிற்பது அழகான விஷயமே.

இவை கறுப்பதற்குக் காரணம் என்ன? சாதாரணத் தக்காளி பழுக்கும்போது அதிலுள்ள பச்சையம் அழிந்துபோகிறது. லைகோபீன் என்னும் சிவப்புப் பொருள் பெருகுகிறது. கறுத்த தக்காளியில் சிவப்பு வழக்கம் போல் பெருகும். பச்சையம் மட்டும் முழுவதும் அழியாமல் தங்கிவிடும். சிவப்பும் பச்சையும் கலந்தால் என்ன நிறம் வரும் என்பதைச் சித்திரம் எழுதும் பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். பழத்தின் மேல் தோல் நிறமற்றிருந்தால் ஊதா சாயலும், மஞ்சளாயிருந்தால் பழுப்புச் சாயலும் தெரியும். நாவற்பழம் போல் தோல் கருநீலமாகத் தோன்றும் தக்காளிகளும் இக்காலத்தில் உண்டு. 2012-ஆம் ஆண்டில் ஆரிகன் ராஜ்ய சர்வகலாசாலையார் வெளியிட்ட 'இண்டிகோ ரோஸ்' அத்தகையது. அதன் கருமைக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற வேறு பொருள். அது அண்மையில் உண்டாக்கிய வகை. பரம்பரை வகை அன்று. விதை வாங்குவோர் இந்த வேற்றுமையை மனத்தில் கொள்ள வேண்டும்.

இனி என் அனுபவத்தைச் சொல்கிறேன். அதில் பெரும் பகுதி என் அறியாமையின் கதைதான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், நீலகிரியில் வசிக்கும் தோட்டப் பிரியர் ஒருவர் இருபது விதைகளை உறையிலிட்டுத் தபாலில் அனுப்பினார். எனக்கோ பொறுமை கிடையாது. கையில் கிடைத்த மறுநாளே, தை மாதக் கடைசியில், இருபதையும் விதைத்துவிட்டேன். செடிகள் செழித்து வளர்ந்தன. பங்குனியில் பூத்தன. பூத்த பூவெல்லாம் காம்போடு உதிர்ந்தன. பகல் உஷ்ணம் 35 டிகிரியை எட்டி, இரவிலும் காற்றுக் குளிராதிருந்தால் தக்காளிப் பூவின் மகரந்தம் பயனற்றுப்போகும் என்பதை அப்புறம்தான் படித்தேன். எப்படியோ இரண்டே பழங்கள் நின்றன. அவை சிவக்கட்டும் என்று நான் காத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் முதலில் போய்ப் பார்ப்பேன். "தொட்டால் மெத்தென்று இருக்கிறது, பறித்துவிடுங்கள்" என்று என் மனைவி இரண்டு முறை சொன்னாள். "இன்னும் நிறம் வரவில்லை" என்று படித்தவனுக்குரிய தோரணையில் பதில் சொன்னேன். வராத நிறத்துக்குக் காத்திருந்து இரண்டு பழங்களும் செடியிலேயே அழுகின. மனம் வெறுத்து எருக்குழியில் எறிந்தேன்.

ஐப்பசியில் அந்த எருவைப் பாத்தியில் பரப்பினேன். முதல் மழைக்கு ஐந்து தக்காளி நாற்றுகள் முளைத்தன. சமையலறையிலிருந்து போன கடைத் தக்காளியின் பிள்ளைகளா, அல்லது நான் கொன்ற பழங்களின் பிள்ளைகளா என்று எப்படித் தெரியும்? ஐந்தையும் வளர்த்தோம். மூன்று சிவந்தன, இரண்டு கறுத்தன. அந்த இரண்டு செடிகள்தான் பாட்டியம்மாளின் தட்டை நிறைத்தன.

தற்செயலாக முளைத்த அந்த நாற்றுகள் எனக்குப் பருவத்தைக் கற்பித்தன. சமவெளியில் ஐப்பசியில் தட்டில் விதைத்து, பெருமழை படாமல் காத்து, நான்கைந்து வாரத்து நாற்றைக் கார்த்திகையில் நடவேண்டும். மார்கழி, தைக் குளிரில் பூக்கும்; மாசியில் பழுக்கும். நடும்போது அடித்தண்டின் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டில் பாதி வரை மண்ணுக்குள் போகுமாறு ஆழமாக வைக்கலாம். புதைந்த தண்டிலும் வேர்விடும். ஆறடிக்கு மேல் வளரும் செடியாதலால் உறுதியான கழி நட்டுக் கட்ட வேண்டும். மாடியில் வளர்ப்போருக்கு இருபது லிட்டர் கொள்ளும் தொட்டிக்குக் குறைந்தது உதவாது. கத்தரி, மிளகாய் இருந்த மண்ணில் உடனே வைக்கலாகாது. மூன்றும் ஒரே குடும்பம், நோய்களும் பொதுச் சொத்து.

தண்ணீரை ஒரே அளவாக, காலையில், வேரருகே ஊற்ற வேண்டும். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாகப் பாய்ச்சினால் பழம் வெடிக்கும். அடிப்பாகம் கறுத்து அழுகும். இதை அழகிய கறுப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வெள்ளை ஈ வந்தால் இலைச்சுருட்டை நோயைக் கூடவே கொண்டு வரும். வேப்பெண்ணெய்க் கரைசலை ஆரம்பத்திலேயே தெளிப்பது நலம். இலை சுருண்டுவிட்ட செடியைத் தயங்காமல் பிடுங்கிவிட வேண்டும். புது ஒட்டு ரகங்களுக்கு உள்ள நோய் எதிர்ப்பு இந்தப் பழைய வகைகளுக்குக் கிடையாது; விளைச்சலும் குறைவு. ஒரு செடியில் பத்துப் பதினைந்து பழம் கிடைத்தால் திருப்தி கொள்ளுங்கள்.

பறிக்கும் சமயத்தைக் கண் சொல்லாது, விரல்தான் சொல்லும். தோள் பச்சையாக இருந்தாலும், அடி மங்கிய ஊதா நிறமாகி, மெல்ல அழுத்தினால் சிறிது இளகினால் பறித்துவிடலாம். ரசத்தில் போட்டால் ரசம் சேற்று நிறமாகும் என்பது என் மனைவியின் தீர்ப்பு. அதற்கு மேல்முறையீடு இல்லை. வட்டமாக அரிந்து, உப்பும் மிளகுத்தூளும் தூவிப் பச்சையாகத் தின்பதே உத்தமம். புளிப்பு அடங்கி, இனிப்பு ஓங்கி நிற்கும்.

ஆனால் எல்லாப் பழங்களையும் தின்றுவிடக் கூடாது. நோயற்ற செடியில் நன்கு பழுத்த பழம் ஒன்றை விதைக்கு ஒதுக்குங்கள். வழவழப்போடு விதைகளைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வழித்து, சிறிது நீர் சேர்த்து, இரண்டு மூன்று நாள் நிழலில் வையுங்கள். நுரைத்து நாறும், அஞ்ச வேண்டாம். விதையைச் சுற்றியுள்ள அந்த வழவழப்பு முளைப்பைத் தடுப்பது. புளிப்பதால் அது கரைகிறது. என் அழுகல் பழங்கள் முளைத்த ரகசியமும் இதுவே. பிறகு கழுவினால் நல்ல விதை அடியில் தங்கும். தட்டில் பரப்பி நிழலில் உலர்த்தி, பெயரும் ஆண்டும் எழுதி, காற்றுப் புகாத சிமிழில் வைக்க வேண்டும். பரம்பரை வகையாதலால் பிள்ளை தாயைப் போலவே இருக்கும். தக்காளிப் பூ பெரும்பாலும் தன்னைத்தானே கருவுறச் செய்துகொள்ளும். ஆயினும் பக்கத்தில் வேறு தக்காளி இருந்தால், வண்டு புகாமல் ஒரு பூங்கொத்தை மல் துணியால் மூடி வைப்பது நல்லது.

இவ்வளவு விவரமாக ஏன் எழுதுகிறேனென்றால், அதற்கு ஒரு காரணம் உண்டு.

என் தாயார் கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டி உலர்த்தித் துணியில் முடிந்து, அடுப்பங்கரை உத்தரத்தில் தொங்கவிட்டிருப்பார். வெளிறிய பச்சையில் வரியோடிய சிறு கத்தரிக்காய். எங்கள் பாட்டி வீட்டிலிருந்து வந்த விதை. ஆண்டுதோறும் விதைப்பார், கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு சிட்டிகை கொடுப்பார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் காலமானபோது, கடைசி முடிச்சை நான் எடுத்துப் பெட்டியில் பத்திரப்படுத்தினேன். அம்மாவின் கை முடிந்த முடிச்சு. அவிழ்க்க மனம் வரவில்லை. கறுத்த தக்காளி முளைத்த உற்சாகத்தில் சென்ற ஆண்டுதான் அவிழ்த்தேன். முப்பது விதைகளை நட்டேன். மூன்று வாரம் காத்திருந்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. அம்மாவிடம் விதை வாங்கியவர்களின் வீடுகளுக்கு ஊருக்குப் போய் விசாரித்தேன். எல்லோருக்கும் அந்தக் காயின் ருசி நினைவிருந்தது; விதை ஒருவரிடமும் இல்லை.

அமெரிக்காவில் டயான் வீலி என்ற பெண்மணிக்கு அவருடைய பாட்டனார் ஒரு தக்காளி விதையையும் ஒரு பூங்கொடி விதையையும் கொடுத்தார். பவேரியா நாட்டிலிருந்து அவருடைய முன்னோர் கொண்டுவந்தவை அவை. சில காலத்துக்குள் பாட்டனார் இறந்துபோனார். விதைகளைப் பேத்தி பெட்டியில் பூட்டவில்லை, விதைத்தார். தம் கணவரோடு சேர்ந்து, இத்தகைய விதை வைத்திருப்போர் ஒருவருக்கொருவர் தபாலில் அனுப்பிக்கொள்ள 1975-ஆம் ஆண்டில் ஒரு சங்கத்தை ஆரம்பித்தார். அதுவே இன்று 'சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச்' என்று புகழ் பெற்றிருக்கிறது. அந்த அம்மாள் செய்ததை நான் செய்திருந்தால் எங்கள் கத்தரி இன்று இருந்திருக்கும். நான் முடிச்சைக் காப்பாற்றினேன், விதையைக் காப்பாற்றவில்லை.

ஆகையால் இந்த ஆண்டு கறுத்த தக்காளி விதையைப் பதினொரு பொட்டலங்களாகக் கட்டினேன். எட்டு என் மாணவர்களுக்குப் போயிற்று. ஒன்று நீலகிரிக்கே திரும்பிப் போயிற்று. ஒன்று எங்களுக்கு. மீதி ஒன்றைப் பாட்டியம்மாள் கேட்டு வாங்கிக்கொண்டார். "ஐப்பசி வரை நான் இருக்க வேண்டுமே, தம்பி" என்றார். இருப்பார், இப்போதே இரண்டு தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார்.

நேயர்களே! உங்கள் வீட்டு உத்தரத்திலோ, அஞ்சறைப் பெட்டியிலோ, பெரியவர்கள் முடிந்து வைத்த விதை ஏதேனும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் இந்தப் பருவத்திலேயே அவிழ்த்து விதையுங்கள். அடுத்த வாரம் அவரைப் பந்தலைப் பற்றிப் பேசுவோம்.