ஒரு பேராசிரியர், பத்துக் கல்லூரிகள்!

தூத்துக்குடித் துறைமுகத் தோழரைக் கேட்கிறோம்: ஒரே ஷிப்டில் ஒரே ஆள் இரண்டு கப்பல்களில் சரக்கு இறக்கியதாகப் பெயர் எழுத முடியுமா? எழுதினால் அன்றைக்கே அவன் வேலை போகும். எழுதிய மேஸ்திரியின் வேலையும் சேர்ந்தே போகும்.

ஆனால், படித்தவர்கள் நடத்தும் கல்லூரிகளில் நடந்தது என்ன? 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு மோசடியை அம்பலப்படுத்தியது. அண்ணா பல்கலைக்கழக இணைப்புப் பெற்ற 224 பொறியியல் கல்லூரிகளில், 353 பேர் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளின் முழுநேர ஆசிரியர்களாகக் காட்டப்பட்டிருந்தனர். பத்துக்கு மேற்பட்ட கல்லூரிகளில் பெயர் இருந்தவரும் உண்டு! முறைகேடு நடந்ததைப் பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்டது.

உழைக்காத ஆசிரியருக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. 1908இல் கோரல் மில் தொழிலாளர் வ.உ.சி.யின் துணையோடு போராடியது கூலி உயர்வுக்கும் ஓய்வு நாளுக்கும்தான். வேலை செய்யாமல் கூலி வாங்க அல்ல. உப்பளத்து வெயிலில் காய்ந்து மகனைப் படிக்கவைக்கிறாள் ஒரு தாய். வகுப்புக்கே வராத ஆசிரியர் அவளுடைய வயிற்றில் அடிக்கிறார்.

ஆனால், பட்டியலை எழுதிக் கொடுத்தது யார்? நிர்வாகம்! போதிய ஆசிரியர் இருப்பதாகக் காட்டினால்தான் இணைப்புக் கிடைக்கும். ஆளை நியமித்தால் சம்பளம் கொடுக்க வேண்டும். பெயரை மட்டும் எழுதினால் செலவு மிச்சம். ஆய்வுக்கு வந்தவர்கள் காகிதத்தைப் பார்த்தார்களா, வகுப்பறையைப் பார்த்தார்களா?

"ஒழுங்கு வேண்டுமென்றால் விருப்பம்போல் நீக்கும் அதிகாரம் வேண்டும்" என்பார்கள் முதலாளிகள். கூடாது! தனியார் கல்லூரி ஆசிரியரை நீக்க அதிகாரியின் முன் அனுமதி வேண்டும் என்கிறது 1976ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம். நியாயமான சம்பளம் கேட்கும் ஆசிரியருக்கு அது கவசம். அந்தக் கவசம் சோம்பேறிக்கு ஒளிவிடமாகவும் ஆகிவிடக் கூடாது. ஆகவே குற்றச்சாட்டு எழுத்தில் வரட்டும். பதில் சொல்ல வாய்ப்புத் தரட்டும். கெடு வைத்து விசாரணையை முடிக்கட்டும். குற்றம் உறுதியானால் ஆசிரியருக்குத் தண்டனை. பொய்ப் பட்டியல் கொடுத்த நிர்வாகத்துக்கும் தண்டனை.

முத்துக் குளிக்கும் முன் பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து, திறந்து, மதிப்பிட்ட பிறகே குளிப்பை அறிவித்த கடற்கரை இது. கல்லூரியையும் அப்படித் திறந்து பாருங்கள். சொல்லாமல் கொள்ளாமல் வகுப்பறைக்குள் போங்கள், மாணவரைக் கேளுங்கள். உண்மை தானே வெளிவரும்!