கம்பளத்துக்கு அடியில் கறள்

வீதிக்குத் தார்க்கலவை போடுவதைக் 'காப்பெட்' போடுவது என்று சொல்லியே நாம் பழகிவிட்டோம். தேர்தல் நெருங்கினால் காப்பெட் வரும். மழை பெய்தால் அதன் கீழிருந்த பள்ளம் வெளியே வரும். இந்தப் பழக்கம் வீதியிலிருந்து வாகனத்துக்குள்ளும் ஏறிவிட்டதைச் சென்ற மாதம் வத்தளையில் கண்டேன்.

நண்பரிடம் அவருடைய தந்தையார் விட்டுச் சென்ற பெட்போர்ட் லொறி ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணத்து வெங்காயத்தையும் மிளகாயையும் இரவோடிரவாகப் புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவுக்கு ஏற்றி வந்த, 1960களின் லொறி. நெடுங்காலம் கொட்டகையில் கிடந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின், பழைய இரும்பெல்லாம் இந்த நாட்டில் பொன்னாயிற்று. 2025இல் தடை தளர்ந்த பிறகும் அந்த மோகம் தணியவில்லை. நண்பரும் இலட்சக்கணக்கில் செலவழித்து லொறியைப் புதுப்பித்தார்.

உள்ளே ஏறியதும் திகைத்துப் போனேன். தரை, கதவு, கூரை எங்கும் சிவப்புக் கம்பளம். அதன் கீழே சணல் மெத்தை. அதற்கும் கீழே கூரைக்கு ஒட்டும் தார்த்தாள். எல்லாவற்றையும் பசை பூசி நிரந்தரமாக ஒட்டியிருந்தார்கள். "இனி இதற்குள் சத்தமே கேளாது" என்றார் நண்பர். ஜாஎல வரை ஓடினோம். இயந்திரம் முன்போலவே இரைந்தது.

அது ஏன் என்று அவரிடம் சொன்னதை இங்கும் சொல்கிறேன். கம்பளம் உறிஞ்சுவது கீச்சென்ற மேல்தொனிகளைத்தான். டீசல் இயந்திரத்தின் அடித்தொனி கம்பளத்தைப் பொருட்படுத்துவதே இல்லை. அதைத் தடுக்கக் கனம் வேண்டும். கனத்தைவிட முக்கியமாக, ஓட்டை இருக்கக்கூடாது. ஒரு தடுப்புச் சுவரில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், அது எவ்வளவு கனமானதாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. நண்பரின் லொறியில் இயந்திரத்துக்கும் காலடிக்கும் இடையிலுள்ள தகரத்தில், மிதிகளும் கம்பிகளும் நுழையும் துளைகள் வாயைப் பிளந்துகொண்டு இருந்தன. பஞ்சிகாவத்தையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் றப்பர் வளையங்களை அவற்றில் பொருத்தியிருந்தால், கம்பளத்துக்குக் கொட்டிய பணத்தில் பாதி மிஞ்சியிருக்கும். அந்தத் துளைகளால் சத்தம் மட்டுமல்ல, புகையும் வரும். கதவு ஓரத்து றப்பரோ அரை நூற்றாண்டு பழையது, கல்லாகிவிட்டது. அதையும் மாற்றவில்லை. மாற்றினால் யார் கண்ணுக்குத் தெரியும்?

"வெளிநாட்டுக் காணொளிகளில் எல்லோரும் இப்படித்தானே செய்கிறார்கள்" என்றார். செய்யட்டும். அவர்களில் பலர் வருடத்தில் பாதி நாள் மழையைக் காணாத ஊர்க்காரர்கள். வத்தளைக்கு மேற்கே கடல், வடக்கே முத்துராஜவெல சதுப்பு, தெற்கே களனி கங்கை. 2016 மே மாதத்திலும் 2025 நவம்பரிலும் அந்தக் கங்கை கரையோரத்தாரை என்ன பாடுபடுத்தியது என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இங்கே காற்றிலேயே உப்பு இருக்கிறது. உப்பும் ஈரமும் சேர்ந்த இடத்தில் சணல் மெத்தையை ஒட்டுவது, நனைந்த சாக்கைத் தகரத்தில் கட்டி வைப்பதற்குச் சமம். (ரொறன்ரோ வாசகர்கள் சிரிக்க வேண்டாம், குளிர்காலத்தில் உங்கள் வீதிகளில் கொட்டும் உப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது.)

நண்பரின் அனுமதியோடு சாரதியின் காலடியில் ஒரு மூலையைப் பெயர்த்தேன். புளித்த வாடை எழுந்தது. வேலை முடிந்து ஒரு மழைக்காலந்தான் ஆகியிருந்தது. அதற்குள் பொருக்குப் பொருக்காகக் கறள். விரலால் அழுத்தினேன், தகரம் நெளிந்தது. டிங்கர் வேலையில் புதுத் தகரம் வைக்காமல், பழைய கறளின் மேலேயே வர்ணம் அடித்துக் கம்பளத்தால் மூடியிருக்கிறார்கள். காலடித் தகரம் உக்கிய லொறியில் பிரேக்கை நம்பி மிதிப்பது எப்படி?

இத்தனைக்கும் நல்ல தகரத்துக்குப் பஞ்சமான நாடல்ல இது. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்து மொறிஸ் மைனர் வணிகர் ஒருவர், அந்தக் கார்களுக்கான தரைத்தகடு முதலிய பாகங்களை இலங்கையில் செய்வித்துத் தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றார். வெள்ளைக்காரனின் காருக்குத் தரை அடித்துக் கொடுத்த நாட்டில், நம்முடைய லொறியின் தரைக்குக் கம்பளத்தால் கபன் துணி போர்த்துகிறோம்.

செய்ய வேண்டியது கடினமுமல்ல. கறளைச் சுரண்டி, உக்கிய இடத்தை வெட்டி, புதுத்தகடு ஒட்டி, துருத்தடுப்பு வர்ணம் பூச வேண்டும். பிறகு தட்டிப் பார்க்க வேண்டும்: தகரம் டங்கென்று அதிருமிடத்தில் மட்டும் பியூட்டைல் றப்பர் தகடு. பரப்பில் நாலில் ஒரு பங்கை மூடினாலே அதிர்வு பெரும்பாலும் அடங்கிவிடும். தார்த்தாள் வெயிலில் இளகி நாறும், வேண்டாம். இயந்திரப் பக்கத் தகரத்துக்குக் கனமான றப்பர் விரிப்பு, அதன் பின்னால் தண்ணீர் குடிக்காத மூடிய துளை நுரை. தரையிலே, எந்நேரமும் கழற்றிக் காயவைக்கக்கூடிய றப்பர் பாய். பழைய லொறிகளில் றப்பர் பாய்தான் இருந்தது. றப்பர் விளையும் தேசத்தில் நைலோன் கம்பளம் என்ன நாகரிகமோ!

ஆனால் என்னை இதை எழுத வைத்தது கறள் அல்ல. அன்று எங்களோடு மூன்றாவதாக ஒருவர் வந்தார். அந்த லொறியை முப்பது ஆண்டுகள் ஓட்டிய சாரதி. நான் கேட்டதையெல்லாம் "என்ன ஐயா, ஏதும் சொன்னீர்களோ?" என்று திருப்பிக் கேட்டார். இரண்டு காதும் போய்விட்டன. 85 டெசிபலில் எட்டு மணித்தியாலம் என்பதே தொழிலிடத்துக்கு நிபுணர்கள் வகுத்த எல்லை. ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகிறது. 94 டெசிபலில் ஒரு மணித்தியாலந்தான். இவர் விடிய விடிய ஓட்டினார். அச்சகத்து இயந்திர அறையில் இப்படிக் காதை இழந்த தோழர்கள் எனக்கும் உண்டு. கடைசிக் காலத்தில் அவர்களோடு துண்டுக் காகிதத்தில் எழுதித்தான் பேசினேன்.

லொறி உழைத்த காலத்தில் ஒரு றப்பர் வளையத்துக்கும் காசில்லை என்றார்கள். அது முதலாளியின் விளையாட்டுப் பொருளான பிறகு கூரைக்கும் கம்பளம். இன்றும் புறக்கோட்டையில் மூட்டை இறக்கும் லொறிகளுக்குள் ஏறிப் பாருங்கள். நடுவிலிருக்கும் இயந்திர மூடியின் விளிம்பில் றப்பர் தேய்ந்து, அனலும் இரைச்சலும் சாரதியின் இடது பக்கத்தில் நேரே அடிக்கின்றன. அவரோ கந்தல் துணியைச் செருகிவைத்து ஓட்டுகிறார்.

போன கிழமை நண்பர் தொலைபேசியில் அழைத்தார். கம்பளத்தை முழுவதும் உரித்து மதிலில் காயப் போட்டிருக்கிறாராம். நல்லதென்றேன். காய்ந்ததும் இன்னும் நல்ல பசையாக வாங்கி ஒட்டப் போகிறாராம்.