பின்கட்டுக்கு ஒரு டிக்கெட்

போன மாதம் ஒரு மொழிபெயர்ப்பு வேலை வந்தது. உல்லாசக் கப்பல் பயணத்துக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்சி ஒன்றின் பிரசுரம். நீச்சல் குளம், நடன அரங்கம், நள்ளிரவு விருந்து எல்லாம் சுலபமாகத் தமிழில் வந்து உட்கார்ந்துவிட்டன. ஒரு வரியில் மட்டும் கை நின்றது. பயணிகள் வழக்கமாகப் பார்க்க முடியாத பகுதிகளை, தனிக் கட்டணம் செலுத்திச் சுற்றிப் பார்க்கலாமாம். 'திரைமறைவு' என்று போட்டால் ஏதோ அரசியல் பேரம் போலத் தொனிக்கிறது. யோசித்து, 'பின்கட்டு' என்று எழுதினேன். ஏஜென்சிக்காரர் அடித்துவிட்டார். "என்ன சார், மாட்டுக் கொட்டகை ஞாபகம் வருது" என்றார்.

எனக்கு இன்னமும் அதுதான் சரியான சொல் என்று தோன்றுகிறது. பழைய வீடுகளில் விருந்தாளி முற்றத்தோடு நின்றுவிடுவார். அடுப்பும் எச்சில் பாத்திரமும் கிணற்றடியும் பின்கட்டில். வேலையாட்கள் வந்துபோகக் கொல்லைப்புற வழி. பெரிய உல்லாசக் கப்பலும் இதே இலக்கணப்படிதான் கட்டப்பட்டிருக்கிறது. பயணிகள் காணாத படிக்கட்டு, பயணிகள் ஏறாத லிஃப்ட், நீர்மட்டத்தை ஒட்டியும் அதற்குக் கீழும் பணியாளர் அறைகள். விருந்தாளியிடம் காசு வாங்கிக்கொண்டு பின்கட்டைக் காட்டுவது மட்டும்தான் புதுசு.

அதுவும் முழுக்கப் புதுசு அல்ல. முன்பு சமையல்கூடத்தை இலவசமாகவே காட்டுவார்கள். கப்பலைச் செலுத்தும் 'பிரிட்ஜ்' அறைக்கும் அழைத்துப் போனதுண்டு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் பிரிட்ஜின் கதவு அடைபட்டது. 2004 ஜூலையில் சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு விதிகள் அமலுக்கு வந்தன. சில வருடங்கள் கழித்து அதே கதவு திறந்தது, கட்டணத்துடன். கார்னிவல், ராயல் கரீபியன், பிரின்சஸ் என்று பெரிய நிறுவனங்கள் எல்லாம் இந்தச் சுற்றை நடத்தியிருக்கின்றன. ஒரு தடவைக்குச் சிறிய குழுதான். சுமார் மூன்று மணி நேரம். கட்டணம் நூறு, நூற்றைம்பது டாலர் என்ற அளவில். முன்னால் மூடிய காலணி கட்டாயம். கேமராவுக்குப் பெரும்பாலும் தடை.

பார்ப்பதற்கு விஷயம் இருக்கிறது, மறுக்க முடியாது. 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். அதிகபட்சம் 7,600 பயணிகள், அவர்களைக் கவனிக்க 2,350 பணியாளர்கள். நம் பக்கத்துச் சிறிய டவுன் ஒன்று ஒரே கட்டடத்தில் குடியேறிக் கடலில் மிதப்பதாக வைத்துக்கொள்ளலாம். அந்த டவுனுக்கு வேளைக்கு வேளை சோறு போட வேண்டும். சமையல்கூடச் சுவரில் ஒவ்வொரு பதார்த்தத்தின் புகைப்படமும் ஒட்டியிருக்கும். ஐநூறாவது தட்டும் முதல் தட்டு போலவே இருக்க வேண்டும் என்பதற்காக. இறைச்சிக்கு ஒரு குளிர் அறை, மீனுக்கு ஒன்று, காய்கறிக்கு ஒன்று. சலவைக்கூடத்தில் துண்டுகளை மடிக்கவே இயந்திரம். குப்பை அறையில் கண்ணாடி தனி, தகரம் தனி, அட்டை தனி. நசுக்கிக் கட்டிக் கரையில் விற்ற பணம், பல கப்பல்களில், பணியாளர் நல நிதிக்குப் போகிறது. பிளாஸ்டிக்கை உலகின் எந்தக் கடலிலும் போடக்கூடாது என்பது 'மார்பால்' என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் விதி. உணவுக் கழிவை அரைத்து, கரையிலிருந்து குறிப்பிட்ட தூரம் தாண்டிய பின் கொட்டலாம்.

இந்த அறைகளை எல்லாம் இணைக்கும் நீண்ட நடைவழிக்குப் பல கப்பல்களில் 'ஐ-95' என்று செல்லப் பெயர். அமெரிக்காவின் கிழக்குக் கரை நெடுகப் போகும் நெடுஞ்சாலையின் எண் அது. பழைய பிரிட்டிஷ் கப்பல்களில் இதையே 'பர்மா ரோடு' என்பார்கள். (சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே பர்மா பஜார் பார்த்து வளர்ந்த எனக்கு இது இரட்டிப்புப் பொருத்தம்.) தள்ளுவண்டி, மூட்டை, ஷிப்டு மாறும் பணிப்பெண்கள், அறிவிப்புப் பலகைகள். மேலே உள்ள கம்பளமும் பித்தளை விளக்கும் இங்கே கிடையாது. இரும்பும் பெயின்டும்தான்.

வழிகாட்டி எங்கே நிற்க மாட்டார் என்பதும் கவனிக்கத்தக்கது. என்ஜின் அறைக்குள் விடுவது அபூர்வம். கட்டுப்பாட்டு அறையில் திரைகளைக் காட்டுவதோடு சரி. சவக்கிடங்கு ஒன்று உண்டு, முதியவர்கள் அதிகம் வரும் பயணங்களில் அது தவிர்க்க முடியாதது. அந்தக் கதவைத் திறப்பதில்லை. இருவர், மூவர் பங்கிட்டுக்கொள்ளும் பணியாளர் அறைகளும் பொதுவாகப் பட்டியலில் இல்லை. 2013-ல் அமலுக்கு வந்த கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு தரச் சொல்கிறது. மிச்சத்தைக் கழித்துப் பார்த்தால் 14 மணி நேரம் வேலை வாங்கச் சட்டமே இடம் தருகிறது என்றும் படிக்கலாம். இந்தியா 2015-ல் இதை ஏற்று உறுதிசெய்தது. வேலைக்குச் சேர்ப்பதற்காகக் கடலோடியிடம் ஏஜென்ட் கட்டணம் வாங்கக்கூடாது என்றும் அதே ஒப்பந்தம் சொல்கிறது. மும்பையில் மருத்துவச் சோதனைக்கும் விசாவுக்கும் காத்து நிற்கும் பையன்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

காட்டுவதற்கும் நடப்பதற்கும் உள்ள தூரத்தை அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களில் அளந்து வைத்திருக்கிறார்கள். 2013 ஆகஸ்டில் 'கரீபியன் பிரின்சஸ்' இங்கிலாந்துக் கரையை நெருங்கியபோது, சுமார் 23 மைல் தொலைவில், 4,227 காலன் எண்ணெய் கலந்த கழிவுநீர் கடலில் விடப்பட்டது. என்ஜின் பகுதியில் தேங்கும் இந்த நீரை வடிகட்டி, எண்ணெய் பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் போகாமல்தான் வெளியேற்ற வேண்டும். இங்கே வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு ஒரு குழாய் போட்டிருந்தார்கள். கப்பல்காரர்கள் மொழியில் 'மாயக் குழாய்'. புதிதாகச் சேர்ந்த என்ஜினியர் ஒருவர் அதைப் பார்த்தார். சவுதாம்ப்டன் துறைமுகம் வந்ததும் வேலையை உதறிவிட்டு அதிகாரிகளிடம் போனார். மேலதிகாரிகள் குழாயைக் கழற்றச் சொல்லி, கீழிருந்தவர்களைப் பொய் சொல்லவும் பணித்தார்கள். 2005-லிருந்தே இப்படி நடந்தது என்றும், வேறு நான்கு கப்பல்களிலும் முறைகேடு உண்டு என்றும் விசாரணையில் வெளிவந்தது. 2016 டிசம்பரில் பிரின்சஸ் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 4 கோடி டாலர் அபராதத்துக்குச் சம்மதித்தது. காட்டிக்கொடுத்த என்ஜினியருக்கு நீதிமன்றம் 10 லட்சம் டாலர் வெகுமதி தந்தது. இதே நிறுவனம் அந்த ஆண்டுகளில் பயணிகளுக்குக் கட்டணச் சுற்றும் நடத்திவந்தது.

அதோடு முடிந்திருந்தால் ஏதோ சில என்ஜினியர்களின் தவறு என்று விட்டுவிடலாம். 2019 ஜூனில் தாய் நிறுவனமான கார்னிவல் மறுபடி நீதிமன்றத்தில் நின்று மேலும் 2 கோடி டாலர் கட்டியது. பஹாமாஸ் கடலில் உணவுக் கழிவோடு பிளாஸ்டிக்கையும் கொட்டியது ஒரு குற்றம். ஆவணத் திருத்தம் இன்னொன்று. நீதிமன்றம் நியமித்த தணிக்கையாளர்கள் ஏறுவதற்கு முன்பே கப்பலைத் தயார்செய்ய ரகசியமாக ஆட்களை அனுப்பியது மற்றொன்று. சம்மன் அனுப்பும் நீதிமன்றத்தின் ஆளுக்கே ஒத்திகை பார்த்துக் காட்டுகிறவர்கள், நூறு டாலர் டிக்கெட்காரருக்கு எதைக் காட்டுவார்கள்?

காசு இல்லாமல் உலகமே பின்கட்டைப் பார்த்த சந்தர்ப்பம் ஒன்று உண்டு. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகஹாமாவில் 'டயமண்ட் பிரின்சஸ்' தனிமைப்படுத்தப்பட்டபோது அதில் 3,711 பேர் இருந்தார்கள். பயணிகள் அறையை விட்டு வெளியே வரக்கூடாது. ஆனால் சாப்பாடு யாராவது கொண்டுபோக வேண்டுமே. பணியாளர்கள் பகலெல்லாம் கதவு கதவாகத் தட்டுத் தூக்கினார்கள், இரவில் பகிர்ந்துகொண்ட அறைகளில் படுத்தார்கள். தொடக்க நாட்களில் தொற்று உறுதியான 20 பணியாளர்களில் 15 பேர் உணவுப் பிரிவினர். 16 பேர், அந்தப் பிரிவினர் தங்கும் மூன்றாம் தளத்தில் இருந்தவர்கள். மொத்தம் 712 பேருக்குத் தொற்று. கப்பலில் இருந்த 138 இந்தியர்களில் 132 பேர் பணியாளர்கள். சிலர் தமிழ்நாட்டுக்காரர்கள். எங்களை மீட்டுப் போங்கள் என்று பிரதமருக்கு அவர்கள் விடுத்த வேண்டுகோள் வீடியோக்கள் வீடு வீடாகச் சுற்றின. பிப்ரவரி 27-ல் ஏர் இந்தியா தனி விமானம் 119 இந்தியர்களை டெல்லியில் இறக்கியது.

இப்போது நம்மூரிலும் கப்பல் வந்துவிட்டது. 1990-ல் 'நார்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில் ஓடத் தொடங்கிய கப்பலை வாங்கி, கார்டீலியா நிறுவனம் 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்தும் 2022 ஜூனில் சென்னையிலிருந்தும் பயணம் தொடங்கியது. மேல்தளப் படங்கள் கல்யாண ஆல்பம் போல எல்லார் செல்போனிலும் இருக்கின்றன.

என் பிரசுரம் அச்சாகிவிட்டது. 'பின்கட்டு' போய், 'கப்பலின் இதயத்துக்கு ஓர் இனிய பயணம்' என்று கொட்டை எழுத்தில் வந்திருக்கிறது. நிபந்தனைகளை மட்டும் நான் எழுதியபடியே விட்டுவிட்டார்கள், பொடி எழுத்தில்: மூடிய காலணி அவசியம், படம் எடுக்க அனுமதி இல்லை, முன்னறிவிப்பின்றிச் சில பகுதிகள் தவிர்க்கப்படலாம்.