திரைக்குப் பின்னால் ஒரு புலி
தேனியில் ஒரு சுவரில் விஷுவல் எஃபெக்ட்ஸ் (விஎஃப்எக்ஸ்) பயிற்சி விளம்பரம் பார்த்தேன். பாரதிராஜாவையும் இளையராஜாவையும் அனுப்பிய மண்ணுக்கு சினிமா ஆசை புதிதல்ல. ஆனால் இந்த வேலையில் பேர் வாங்குவது கஷ்டம். நடிகரைத் தாங்கிய கயிற்றை ஃபிரேம் ஃபிரேமாக அழிக்க வேண்டும், நன்றாக அழித்தால் யாருக்கும் தெரியாது. போகட்டும், என்னை உறுத்துவது சம்பளம் நிலைக்குமா என்பதுதான். போடிமெட்டு ஏறினால் வரும் மூணாறிலும் புதுச்சேரியிலும் படமான ‘லைஃப் ஆஃப் பை’ 2013இல் விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு ஆஸ்கர் வாங்கியது. அந்தப் படத்தின் புலியைக் கணினியில் உருவாக்கிய ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனம், அதே ஆண்டு பிப்ரவரியில், விழாவுக்குச் சில நாள் முன்புதான் திவால் மனு கொடுத்திருந்தது. 2025 பிப்ரவரியில் விஎஃப்எக்ஸ் நிறுவனமான டெக்னிகலர் சரிந்தபோது பெங்களூருவிலும் வேலைகள் போயின. பயிற்சிக் கட்டணத்தை விசாரிக்கும் பெற்றோர், அங்கே முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்றும் விசாரிக்கலாமே.