நமக்கெல்லாம் எதுக்கு டூரு?

மே மாதக் கடைசியில் கொல்லிமலையில் எடுத்த ஒரு போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தேன். மரவள்ளிக் காட்டு ஓரத்தில் ஒரு டென்ட், பக்கத்தில் அக்காவின் சைடு வீல் வைத்த ஸ்கூட்டர், அதன் மேல் காயப்போட்ட துண்டு. அவ்வளவுதான். கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி பதில் போட்டிருந்தார்: "தோழர், நாடு இருக்கிற இருப்புல இதெல்லாம் தேவையா?"

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. கூட்டத்துக்குக் கூப்பிட்டால் முதலில் வந்து பாய் விரிக்கிற ஆள். அவருடைய கேள்வியை நானே பத்து வருஷம் என்னிடம் கேட்டிருக்கிறேன். அவருக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாததால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பயணத்தைச் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்குச் சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் போய்விட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு கொடுக்கும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் கிடைத்த பிறகுதான் அவள் யாரையும் கெஞ்சாமல் வெளியே போக ஆரம்பித்தாள். பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, இதற்கெல்லாம் அந்த வண்டிதான். "வேலைக்குத்தானே ஓட்டறேன், ஒரு தடவ சும்மா ஓட்டிப் பாக்கணும்" என்றாள் இந்தக் கோடையில். சும்மா என்றால் எங்கே என்றேன். கொல்லிமலை என்றாள். நான் சிரித்துவிட்டேன். எழுபது கொண்டை ஊசி வளைவு.

அப்பா உயிரோடு இருந்தவரை டென்ட் என்ற பேச்சே எடுக்க முடியாது. மோகனூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டப் போன காலத்தில் மாதக்கணக்கில் வயல் ஓரத்தில் சோகை வேய்ந்த கொட்டாயில் கிடந்தவர் அவர். நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு படுப்பது அவருக்குப் பெரிய விஷயமில்லை, பாம்பு வருமா என்று பார்த்துக்கொண்டு படுப்பது. இப்போது அம்மாவும் அதையேதான் கேட்டார்: "இருக்கிற வூட்ட வுட்டுட்டுக் கொட்டாயில போய்ப் படுக்கறதுக்குக் காசா?" திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போர் போடப் போகும் நம் பையன்கள் மத்தியப் பிரதேசம் வரைக்கும் போய் லாரிக்கு அடியில் படுத்து வருகிறார்கள். செங்கல் சூளைக்குப் போகிற குடும்பங்கள் சூளையிலேயே கிடக்கின்றன. வெட்டவெளியில் படுப்பதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது. கூலிக்காகப் படுத்திருக்கிறோம், சந்தோஷத்துக்காகப் படுத்ததில்லை.

மூன்று வண்டி. அக்கா ஸ்கூட்டரில் பின்னால் அம்மா. மாமா பைக்கில் இரண்டு பிள்ளைகள். என் வண்டியில் டென்ட், பாத்திரம், அரிசி. ராசிபுரம் பக்கத்திலிருந்து பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி வழியாக அடிவாரம். முதல் இரவு அடிவாரத்தில் தங்கிவிட்டு விடியற்காலையில் ஏறலாம் என்று திட்டம். டென்ட் போட இடம் வாடகைக்கு விடும் ஒரு தென்னந்தோப்புக்கு இரண்டு நாள் முன்பே போன் செய்து பேசியிருந்தேன். தோப்புக்காரர் நன்றாகத்தான் பேசினார். தண்ணீர் உண்டு, கக்கூஸ் உண்டு, வாங்க என்றார்.

போய் இறங்கியதும் அக்காவின் வண்டியைப் பார்த்துவிட்டு, "அடடா, இதுலயா வந்தீங்க கண்ணு" என்று அன்பாகத்தான் ஆரம்பித்தார். எந்தூரு என்றார். சொன்னோம். அந்த ஊரில் அவருக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அடுத்த கேள்வி என்னவென்று இதைப் படிக்கும் உங்களுக்கே தெரியும்.

"ஊருக்குள்ளயா, காலனியா?"

காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில்தான் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல அறிவிப்பு, வரவேற்கிறேன். தோப்புக்காரருக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது. பிள்ளைகள் முன்னால் பொய் சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டு ஏற்பாடு. அக்கா வண்டியில் உட்கார்ந்தபடியே "காலனிதாங்க" என்றாள். ஐந்து நிமிடம் கழித்து மோட்டார் ரிப்பேர் ஆகிவிட்டது, தண்ணீர் வராது, இன்னொரு நாள் வாங்க என்றார். அவருக்குப் பின்னால் தென்னை மரத்துப் பாத்தியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் சின்னவன் அதைக் காட்டிச் சொல்ல வாயெடுத்தான். அம்மா அவன் தோளில் கை வைத்தார்.

சாதிப் பெயரை அவர் சொல்லவில்லை. கையை ஓங்கவில்லை. மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை இல்லை. நான் சமூகவியல் படித்தவள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பயிற்சி வகுப்புகளில் பாடமாக நடத்துகிறவள். அந்த இடத்தில் என்ன செய்தேன்? வண்டியைத் திருப்பினேன்.

இதை எழுதும்போது அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' ஞாபகத்துக்கு வராமல் இருக்குமா? அந்தச் சின்னப் புத்தகத்தை நாம் வன்கொடுமை சாட்சியமாக மட்டுமே படிக்கிறோம். மறுபடியும் ஒரு முறை படித்துப் பாருங்கள், அதில் முதல் சம்பவமே ஒரு கோடை விடுமுறைப் பயணம். 1901. கோரேகாவில் வேலையில் இருந்த அப்பா, விடுமுறைக்கு வாருங்கள் என்று பிள்ளைகளைக் கூப்பிடுகிறார். புதுத் துணி போட்டுக்கொண்டு ரயிலில் கிளம்புகிறார்கள் சிறுவர்கள். மசூர் ஸ்டேஷனில் மகார் என்று தெரிந்ததும் மாட்டு வண்டி கிடைக்கவில்லை. கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, சிறுவர்களே வண்டியை ஓட்ட, வண்டிக்காரர் கூடவே நடந்து வருகிறார். கையில் சாப்பாடு இருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் பசியோடு இரவைக் கழிக்கிறார்கள்.

இன்னொரு சம்பவம் 1934. தோழர்களோடு எல்லோரா குகைகளைப் பார்க்கச் சுற்றுலா போன குழு, தௌலதாபாத் கோட்டைக்கும் போகிறது. தூசி படிந்த முகத்தை அங்கிருந்த குளத்துத் தண்ணீரில் கழுவியதற்கு ரகளை. ஏற்கெனவே பாரிஸ்டர், வட்டமேஜை மாநாட்டுக்குப் போய்வந்தவர், ஆனாலும் கோட்டைக்குள் தண்ணீரைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு காவலரோடுதான் சுற்றிப் பார்க்க முடிந்தது. 1929இல் சாலிஸ்காவில் டோங்கா ஓட்டிகள் அவரை ஏற்ற மறுத்து, ஓட்டத் தெரியாத ஒருவர் ஓட்டிய வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்த கதையும் அதில்தான் இருக்கிறது. ரயில், மாட்டு வண்டி, டோங்கா, கோட்டை, குளம். நூலின் பாதி வழிப்பயணம்தான்.

தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஊர்சுற்றுவது அரசியலுக்கு வெளியே இருக்கிற விஷயம் என்று நாம் நினைக்கிறோம். ஆதிக்க சாதிகள் அப்படி நினைப்பதில்லை. 2015இல் திருத்தப்பட்ட எஸ்.சி./எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(za) பிரிவை எடுத்துப் பாருங்கள். பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது, செருப்புப் போடுவதை, புதுத் துணி உடுத்துவதைத் தடுப்பது எல்லாம் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் குற்றமாக்கப்பட்டிருக்கிறது. மோட்டார் சைக்கிள் என்ற சொல்லை ஒரு சட்டத்தில் எழுத வேண்டி வந்த நாடு இது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு கல்லூரி மாணவரின் இரண்டு கைகளும் வெட்டப்பட்டன. அவர் புல்லட் ஓட்டியது பொறுக்காமல்தான் என்பது புகார்.

எங்கள் பக்கத்துக் கதை இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. 2015 ஜூன் 23 அன்று ஓமலூர் கோகுல்ராஜ் கூடப் படித்த பெண்ணோடு திருச்செங்கோடு மலைக்கோயிலுக்குப் போனார். மலையேறி, கொஞ்சம் பேசிவிட்டு இறங்குவது, இளைஞர்கள் எல்லோரும் செய்கிற விஷயம். அங்கிருந்து கடத்தப்பட்டவரின் உடல் மறுநாள் பள்ளிபாளையம் பக்கத்தில் ரயில் தண்டவாளத்தில் கிடந்தது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உட்பட 10 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. ஒரு கூட்டம் அந்தக் கோயில் படியில் ஒரு தலித் இளைஞரின் ஓய்வு நேரத்தைத்தான் முதலில் பிடித்தது.

என் வயதில் இந்த வேலையில் இருக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எங்கள் தலைக்குள் இருக்கும் மாவட்ட வரைபடம் எஃப்.ஐ.ஆர். வரைபடம். திருச்செங்கோடு என்றால் கோகுல்ராஜ். தீவட்டிப்பட்டி என்றால் 2024 மே மாதத்து மாரியம்மன் கோயில் பிரச்சினை, எரிந்த கடைகள். எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் ஒரு உண்மை அறியும் குழு அறிக்கை ஞாபகம் வரும். அந்த ஊரில் ஒரு ஏரி இருப்பதும், ஏரிக்கரையில் நல்ல புளியமரம் இருப்பதும் தெரியாது. நான் கொல்லிமலைக்கு அதற்கு முன் மூன்று முறை போயிருக்கிறேன். மூன்றும் ஆய்வுக்கு. ஆகாய கங்கை அருவியைப் பார்த்ததே இல்லை.

ஓய்வை அம்பேத்கர் சோம்பேறித்தனமாகப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை அவர் வைத்திருந்த காலத்தில்தான் ஆலைத் தொழிலாளிக்கு ஊதியத்துடன் கூடிய விடுமுறை 1945 சட்டத் திருத்தத்தில் வந்தது. வாரத்துக்கு 54 மணி நேர வேலையை 48 ஆகக் குறைத்த திருத்தம் 1946இல் வந்தது. காந்தியின் கைராட்டைப் பொருளாதாரத்தை அவர் மறுத்ததற்கு முக்கியக் காரணமே, இயந்திரம் இல்லாவிட்டால் உழைக்கிறவனுக்கு ஓய்வு இல்லை, ஓய்வு இல்லாவிட்டால் பண்பாடு இல்லை என்பதுதான். நம் மேடைகளில் இந்த அம்பேத்கரைப் பற்றி யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? நானும் பேசியதில்லை.

தோப்பிலிருந்து திரும்பியவர்கள் வீட்டுக்குப் போயிருக்கலாம். அம்மா போகலாம் என்றுதான் சொன்னார். மணி மூன்று ஆகியிருந்தது. அக்கா காரவள்ளி பக்கமாக வண்டியைத் திருப்பிவிட்டாள்.

சைடு வீல் வண்டி வளைவில் சாயாது. பைக்கைப் போலச் சாய்த்துத் திருப்ப முடியாது, வேகமாகப் போனால் வெளிப்பக்கம் தள்ளும். ஏற்றத்தில் இரண்டு பேர் கனத்தை இன்ஜின் இழுக்கவில்லை. பத்தாவது வளைவில் அம்மாவை மாமா பைக்குக்கு மாற்றினோம், சின்னவன் அக்காவிடம் போனான். பத்து வளைவுக்கு ஒரு முறை நிறுத்தினோம். குழியைப் பார்த்து நடுச் சக்கரத்தை ஒதுக்கினால் ஓரச் சக்கரம் அதில் இறங்கும், அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, அது அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். நாற்பதுக்கு மேல் காற்று குளிர்ந்தது. எழுபதாவதில் அவள் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தாள். பஸ்காரர் எட்டிப் பார்த்துத் திட்டினார்.

செம்மேடு தாண்டி, மகளிர் குழு வேலையில் எனக்குப் பழக்கமான ஓர் அம்மா வீட்டை விசாரித்துப் போனோம். அவர் கணவர் தன் பெயரைச் சொன்னார். கடைசியில் 'கவுண்டர்' என்று முடிந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்தாள், நான் அவள் முகத்தைப் பார்த்தேன். மலையாளிப் பழங்குடி மக்களும் பெயருக்குப் பின்னால் கவுண்டர் என்று போடுவார்கள் என்பது எனக்குப் புத்தகத்தில் தெரியும், அந்த நேரத்தில் மறந்துவிட்டது. காட்டு ஓரத்தில் இடம் காட்டினார்கள். இரவு மரவள்ளிக் கிழங்கு வேகவைத்துக் கொடுத்தார்கள். இதற்காக மலையில் சாதியே இல்லை என்று நான் எழுத மாட்டேன், இரண்டு இரவில் அதைத் தெரிந்துகொள்ள முடியாது. கீழேயிருந்து பணத்தோடு வருகிறவர்கள் மலை நிலத்துக்கு என்ன செய்கிறார்கள் என்பதும் தெரிந்ததே. டென்ட்டோடு போன நாங்களும் கீழேயிருந்து வந்தவர்கள்தான். இடத்துக்கும் கிழங்குக்கும் கணக்குப் பார்த்துப் பணம் கொடுத்தோம், குப்பையை மூட்டை கட்டி இறக்கினோம். நம் பையன்கள் அருவிக்கரையில் பாட்டில் உடைப்பதையும் பார்த்திருக்கிறேன், நமக்கு அதில் தனிச் சலுகை கிடையாது.

இனி உங்களிடம் ஒரு வேலை. அமெரிக்காவில் விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால்காரர், கறுப்பின மக்கள் பயணம் போகும்போது அவமானப்படாமல் தங்கவும் சாப்பிடவும் பெட்ரோல் போடவும் முடிகிற இடங்களைத் திரட்டி 1936 முதல் ஒரு கையேடு போட்டார். 1960கள் வரை அது வந்துகொண்டிருந்தது. இந்தப் புத்தகமே தேவைப்படாத நாள் வரும் என்று அவரே எழுதி வைத்தார். நமக்கும் அப்படி ஒன்று வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். தயக்கமும் இருக்கிறது. நல்ல இடங்களை மட்டும் பட்டியல் போட்டால், மற்ற இடங்களை அவர்களுக்கே விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும். அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு கடை, உணவகம், விடுதி, குளம், சாலை, பொதுமக்கள் கூடும் இடம் எல்லாவற்றையும் சொல்கிறது. வாடகைக்கு விடும் தோப்பு எந்த வகையில் அதற்கு வெளியே? அதனால் இரண்டு பட்டியல் வேண்டும். கேள்வி கேட்காமல் இடம் கொடுத்தவர்கள் ஒன்று. மோட்டார் ரிப்பேர் ஆனவர்கள் இன்னொன்று, தேதி, நேரம், போனில் பேசிய பதிவு, என்ன கேட்டார், என்ன பதில் சொன்னோம் என்பதோடு. இரண்டாவது பட்டியலைப் பொதுவில் போட வேண்டாம், வழக்கறிஞர்களிடம் கொடுப்போம். ஒரு சம்பவம் வழக்காக நிற்காது. ஒரே இடத்தில் ஏழு குடும்பங்களுக்கு ஏழு முறை மோட்டார் கெட்டுப்போயிருந்தால்?

நான் அன்றைக்கு வண்டியைத் திருப்பியது சரியா என்று இன்னும் எனக்குள் தீரவில்லை. பிள்ளைகளின் விடுமுறையைப் போலீஸ் ஸ்டேஷனில் கழிக்க வேண்டாம் என்று நினைத்தேன். கோழைத்தனம் என்று நீங்கள் சொன்னால் சண்டை போட மாட்டேன். பெரியவள் மட்டும் மலை இறங்கும்போது கேட்டாள்: "சித்தி, அந்தத் தோப்புக்காரர் பேர எழுதி வெச்சிருக்கீங்களா?" எழுதி வைத்திருக்கிறேன் என்றேன். உண்மையில் அன்றிரவுதான் எழுதினேன்.

இறக்கத்தில் அக்கா வண்டியின் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போக, பாதி வழியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வந்ததும் ராசிபுரத்தில் பிரேக் ஷூ மாற்றியாகிவிட்டது. டென்ட்டை அம்மா இரண்டு நாள் வெயிலில் காயப்போட்டு, தானே மடித்து, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். எலி கடிக்கும் என்று நாங்கள் சொல்லியும் இடம் மாற்றவில்லை. மேட்டூர் அணைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று நேற்று மாமாவிடம் கேட்டாராம்.